ஆத்துல போட்ட சேதி

வாடா பேராண்டி, திண்ணையில குந்து. காரும் காரும் பேசிக்கப் போவுது, நடுவுல ட்ரோன் தூது போவும்னு சொல்றியே, நல்ல சேதி. ஒரே வூட்டுல இருக்குற ஒங்க பாட்டியும் நானுமே பேசிக்கிறது கொறச்சல்.

வண்டிங்க பேசறது 5.9 கிகாஹெர்ட்ஸ் அலையாமே. அலைக்கு நீளம் அஞ்சு சென்டிமீட்டர்; கட்டடத்தக் கண்டா முட்டிக்கும். 'இங்க இருக்கன், இந்த வேகத்துல வர்றன்'னு நொடிக்குப் பத்து வாட்டி கத்தினாலும், பாலக்கரை மொனைக்கு அந்தாண்ட வர்ற களிமண் லாரிக்குக் கேக்காது. மேல போற ட்ரோனுக்கு ரெண்டு தெருவும் தெரியும், வாங்கிக் குடுக்கும். சரிதான். ஆனா அது ஒன் வேலைக்கா போவுது? யாருக்கோ மருந்து தூக்கிட்டுப் போவுது. மணிக்கு 36 கிலோமீட்டர்னா நொடிக்குப் பத்து மீட்டர். நீ வாயத் தொறக்கறதுக்குள்ள தெருவத் தாண்டிடும். நிக்கச் சொன்னா பேட்டரி அரைமணி தாங்கறதே பெரும்பாடு. அடுத்தது வர்ற வரைக்கும் லாரிக்காரன் டீ குடிச்சிக்கிட்டு நிப்பானா?

ஒரு எடத்துல குடுத்து இன்னொரு எடத்துல வாங்குற இந்த வித்தைக்கு முன்னோடி நம்மூருதான்டா. நாயன்மார் சுந்தரர் 12,000 பொன்ன நம்மூரு மணிமுத்தாத்துல போட்டு, திருவாரூர் கமலாலயத்துல எடுத்தாருன்னு கதை. அவரே சாமிய நம்பி சும்மா போடல. மாத்து கொறையுதான்னு பாக்க மச்சம்னு மாதிரித் துண்டு வெட்டிக் கையில வச்சிக்கிட்டுத்தான் போட்டாராம். வழிப்போக்கு ட்ரோன் கையில குடுக்குற சேதிக்கும் டிஜிட்டல் கையெழுத்து வேணும். இல்லன்னா எவனோ 'பிரேக் போடு'ன்னு சொல்லுவான், நீயும் நடுரோட்டுல போட்டுட்டு நிப்ப.

அந்த ட்ரோன் தன் எடத்தக் கண்டுக்கிற ஜிபிஎஸ் ஆன்டெனாவுல சின்னதா ஒரு சதுரப் பீங்கான் சில்லு இருக்கும், பாத்திருக்கியா? நாங்க சூளையில சுட்டது கரண்ட்டு கையில அடிக்காம காக்குற ஃபியூஸ் கட்டை. அந்தச் சில்லு வானத்து அலையப் புடிக்குது. கொலு பொம்மை செய்யிற நம்ம பசங்ககிட்ட சொல்லு, அதையும் ஒரு கை பாக்கட்டும்.

வித்தை இருந்தா மட்டும் போதாது, அனுமதியும் வேணும். இலங்கையில 2016-ல கூகுள்காரன் லூன்னு பலூன் வுட்டான். 20 கிலோமீட்டர் ஒசரத்துல காத்தோட மெதந்துக்கிட்டே ஊருக்கெல்லாம் இன்டர்நெட் குடுக்குமாம். பலூன் வந்துச்சி, அலைவரிசை அனுமதி வரல. 2021-ல கடையவே மூடிட்டான்.

இங்கயும் பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் பறக்க 2021 ட்ரோன் விதி வுட்டுடுது. அலைவரிசைக்கு வேற ஆபீசு, வேற மேசை. அதனால ஒரு வெள்ளத்தாள எடுத்து மனுவத் தெளிவா எழுது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமிகிட்ட பிராது கட்டிட்டு வந்துடுவோம். ஒன் வண்டியிலயே போவலாம். மொனையில மட்டும் ஆரன் அடிடா.