பெருஜியாவில் ஓர் ‘ஏனுங்க’

சோமனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. கோன் சுற்றும் மெஷின் இத்தாலிக்காரன் செய்தது. அது படுத்துக்கொண்டால் அங்கிருந்தே ஒருவர் வருவார். அவர் கையை ஆட்டிப் பேசுவார், நாங்கள் தலையை ஆட்டுவோம். 2023 ஜூனில் மிலானில் நடந்த இட்மா ஜவுளி மெஷின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த முதலாளி, “நம்மாளு ஒருத்தராச்சும் அந்தப் பாஷையக் கத்துக்கோணுமுங்க” என்றார். மீட்டிங்கில் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். என்னையே அனுப்பிவிட்டார்கள்.

பெருஜியா, நடு இத்தாலியில் மலைமேல் இருக்கும் ஊர். வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வைத்திருப்பதால் தெருவெல்லாம் தப்புத்தப்பாய் இத்தாலியன் பேசுகிறவர்கள். நான்கு வார வகுப்பு, எழுபது வயதுப் பாட்டி ஒருவர் வீட்டில் தங்கல். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் அப்படியொன்றும் தெரியாது என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

முதல் ராத்திரியே ரொட்டியில் உப்பில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று பேசாமல் தின்றேன். மறுநாளும் இல்லை. 1540-ல் போப் மூன்றாம் பவுல் உப்பு விலையை ஏற்ற, ஊரே கலகம் செய்து தோற்றதாம். அன்று விட்ட உப்பை இன்னும் ரொட்டியில் போடவில்லை என்று அங்கே கதை சொல்கிறார்கள். இந்த வைராக்கியத்தை நான் பங்காளிச் சண்டையில்தான் பார்த்திருக்கிறேன். பெட்டியில் இருந்த பருப்புப்பொடி காப்பாற்றியது.

பாஷையில் என்னைக் கவிழ்த்தது மரியாதை. ‘தூ’ என்றால் நீ. பெரியவர்களுக்கு ‘லெய்’. லெய் என்றால் ‘அவள்’ என்றும் அர்த்தம். மீசை வைத்த கறிக்கடைக்காரரிடம் “அவள் சௌக்கியமா?” என்று கேட்பதுதான் அங்கே மரியாதை. அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் பாட்டி என் கையைப் பிடித்து, இனிமேல் என்னை ‘தூ’ என்றே கூப்பிடு என்றார். வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையையே “வாங்க தங்கம்” என்று கூப்பிடுகிற ஊர்க்காரன், எழுபது வயது மனுஷியைப் பார்த்துத் தூ என்பதா?

அவருடைய எட்டு வயதுப் பேரனுக்கும் லெய் போட்டேன். பையன், பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தான். நாயிடம் “சி சியேதா” என்றேன், அதாவது ‘உட்காருங்க’. அது நின்றுகொண்டே இருந்தது. பேரன் வந்து ‘தூ’ கணக்கில் ஓர் அதட்டல் போட்டதும் உட்கார்ந்தது.

1938-ல் முசோலினி இந்த லெய்யை ஒழித்து ‘வொய்’ போடச் சொன்னாராம். வொய், நம் ‘நீங்க’ மாதிரியே பன்மை. தெற்கே இன்னும் பெரியவர்களிடம் அதைப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஆளோடு ஒத்துப்போவது வெட்கம்தான். ஆனாலும் நான் நாப்போலிப் பக்கம் போயிருக்க வேண்டியவன்.

தமிழ் கஷ்டமா என்று வகுப்பில் டீச்சரம்மா கேட்டார். உங்கள் நாட்டு பெஸ்கி, 1680-ல் பிறந்தவர், எங்களிடம் வந்து வீரமாமுனிவராகி, 3,615 பாட்டில் தேம்பாவணி பாடி, 1732-ல் சதுரகராதியும் போட்டார் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது: “இத்தாலி மனிதன். தமிழ். நிறைய.”

தினமும் ராத்திரி வீட்டுக்காரி வீடியோ காலில் வருவாள். ஒருநாள் அவள் முகம் சரியில்லை.

“ஏனுங்க, அந்தம்மா எப்பப் பாத்தாலும் உங்களப் பாத்து சாவு சாவுங்குதே, சண்டைங்களா?”

“சாவு இல்ல கண்ணு, ச்சாவ். போறப்பவும் வர்றப்பவும் சொல்றது.”

வெனிஸ் பக்கத்தில் ‘உங்கள் அடிமை’ என்று கும்பிடு போட்ட சொல் தேய்ந்துதான் ச்சாவ் ஆனதாம். நம் ‘அடியேன்’ என்று வைத்துக்கொள்ளலாம். அடியேனையே ‘தூ’ ஆட்களிடம்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று பாட்டியிடம் சண்டைக்குப் போனேன். எங்கள் ஊரில் எந்தச் சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ போட்டால் மரியாதை வந்துவிடும், கணக்கு முடிந்தது என்று சமையல்கட்டில் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பாட்டி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். வீட்டுக்காரி போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தது. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“சாவுங்க!”