தெரியுதா? – தென்காசி வட்டார ஆன்டெனா திருப்பியல்: முன்னுரைக்கு ஒரு முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிள்ளைப் பருவத்தில் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை எண்ணி உருகும் எழுத்து உலகெங்கும் மலிந்துவிட்டது. 1947-இல் தொடங்கிய ‘ஹவுடி டூடி’ நிகழ்ச்சியின் மரப்பொம்மைக்காக அமெரிக்கர்கள் இன்றும் கண் கலங்குகிறார்கள். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துக்கு இப்படி ஓர் ஆய்வு இல்லாத குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தொடக்கத்திலேயே சிறு இடர்ப்பாடு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் இவ்வட்டாரத்தில் தொலைக்காட்சியே இல்லை. டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பர் 15-இல். சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். சென்னைக்கும் தென்காசிக்கும் இடையே ஓர் இரவு ரயில் பயணம். அமெரிக்கப் பிள்ளைகள் மரப்பொம்மை பார்த்தபோது இங்குள்ள பிள்ளைகள் தோல்பாவைக்கூத்தும் டூரிங் டாக்கீஸும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பொருள் இல்லாமை ஆய்வுக்கு என்றுமே தடையாக இருந்ததில்லை. கடல் கொண்ட கண்டத்துக்கு ஆறும் மலையும் குறித்து நிலப்படம் வரைந்த மரபு நம்முடையது; முப்பது ஆண்டு முன்பின்னாவதை யார் கேட்கப்போகிறார்கள்? ஆகவே, ‘நடுப்பகுதி’ என்பதற்கு ‘நடுவில் தொடங்கி முடியும்வரை நீள்வது’ என உரை கொள்க.

இனி, தொலைக்காட்சி தோன்றியதே குற்றாலத்தில்தான் என்று ஒருவர் வாதிடக்கூடும். ஐம்பெரும் சபைகளுள் குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை; ஆடவல்லான் அங்கே ஓவியமாக ஆடுகிறான்; ஓர் அறைக்குள் அசையும் கூத்தைப் படமாகக் காண்பதுதானே தொலைக்காட்சி என்பது அவர்தம் கூற்றாகும். கேட்பதற்கு இனிதாயினும் இதை ஏற்பதற்கில்லை. என்னை? எனின், சித்திர சபையில் படம் நிற்கிறது. தென்காசித் தொலைக்காட்சியில் படம் ஒருநாளும் நின்றதில்லை.

நமது கொள்கை வேறு. இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் பார்த்தது நிகழ்ச்சியை அன்று. நிகழ்ச்சி வருகிறதா என்பதையே. அவர்கள் நினைவில் நிற்கும் தலையாய நிகழ்ச்சி ஆன்டெனா திருப்புதல். ஏனையவை அதன் இடைவேளையில் வந்துபோனவை. ‘வயலும் வாழ்வும்’ இடைவேளை. ‘ஒளியும் ஒலியும்’ சற்றே நீண்ட இடைவேளை. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ மட்டும் இடைவேளையின் இடைவேளையாதலால் தனித்து ஆராயத்தக்கது. இங்கே விரிப்பின் பெருகும்.

இக்கொள்கைக்கு முதற்சான்று நிலம். தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் பறவை வழியில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இடையில் நிற்பது பொதிகை எனப்படும் அகத்தியமலைத் தொடர். அதன் உச்சி 1,868 மீட்டர். தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் செல்வது. மலையைச் சுற்றி வர அதற்குத் தெரியாது. ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வரும், சாரல் வரும், பலாப்பழம் வரும், படம் வராது. மாறாக இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் பிதுருதலாகல மலைக்கு உயரம் 2,524 மீட்டர். தென்காசியிலிருந்து தொலைவு 400 கிலோமீட்டருக்கு மேல். உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும் என்பது பொறியாளர் வாய்பாடு. அதன்படி அந்த அலை 207 கிலோமீட்டரில், அதாவது கடலுக்கு நடுவே எங்கோ, தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் வெப்பமான காற்று மேலேயும் கடலின் ஈரக்காற்று கீழேயுமாக அடுக்கி நிற்கும் நாள்களில் அலை அந்த அடுக்குக்குள் குழாய்த் தண்ணீர்போல் ஓடித் தென் மாவட்டங்களின் மொட்டை மாடிகளில் வந்து விழுந்தது. 65 கிலோமீட்டரில் இருந்தது மறைய, 400 கிலோமீட்டரில் இருந்தது தெரிந்தது. விந்தியத்தைக் குனியவைத்த குறுமுனி பொதிகையை மட்டும் நிமிர்ந்து நிற்க விட்டது ஏன் என்பதைப் புராண அறிஞர்கள் இந்தக் கோணத்தில் ஆராயவில்லை. சென்னைத் தொலைக்காட்சியோ தன் தமிழ் அலைவரிசைக்கே பிற்பாடு ‘பொதிகை’ என்று பெயர் வைத்துக்கொண்டது. ஒளியை மறைத்ததற்காக ஒரு மலை பெற்ற கௌரவங்களுள் இது பெரிது.

மொழி பற்றிய சான்றும் இதையே வலியுறுத்துகிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல்தான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே மலையாளம் இங்கே அரைகுறையாகவேனும் புரியும் மொழி. அந்த ஒன்றை மலை மறைத்துவிட்டது. தென்கிழக்கிலிருந்து சிங்களம் வந்தது, வடக்கிலிருந்து இந்தி வந்தது. புரியக்கூடிய மொழியைத் தடுத்துப் புரியாத இரண்டை இயற்கையே வடிகட்டி அனுப்புமானால், பிள்ளைகள் நிகழ்ச்சிக்காக அதன்முன் உட்கார்ந்தார்கள் என்று எப்படிச் சொல்வது? ‘ஓஷின்’ என்னும் ஜப்பானியத் தொடரைச் சிங்களத்தில் பேசவைத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள் எனில், அவர்கள் பார்த்தது கதையை அன்று, படம் இன்னும் எத்தனை நொடி தாங்கும் என்பதையே.

ஜப்பான் என்றதும் கருவியைச் சொல்ல வேண்டும். மீன்முள்போல் குறுக்குக் கம்பிகள் கோத்த இந்த ஆன்டெனாவை 1926-இல் தோஹோகு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்னும் இருவர். ரூபவாஹினி நிலையமும் ஜப்பான் அளித்த நன்கொடை. கொடுத்ததும் அவர்கள், பிடித்ததும் அவர்கள் கருவி. திருப்பியது மட்டும் நாம். ஆயினும் ‘உடா’ என்பது ஜப்பானியச் சொல் அன்று என்பது நம் துணிபு. மாடியில் குழாயைப் பிடித்திருப்பவரை நோக்கி, காற்று அடிக்கும்போது கீழிருந்து எழும் ‘உடாத, பிடி’ என்னும் கூக்குரலின் முதற்பாதியே அது. ‘யாகி’ என்பது அவ்வாறு பிடித்தவர் ஒருபக்கம் சாய்ந்தவர் ‘ஆகி’ நின்றதைக் குறிக்கும் (பார்க்க: குழாய், கீழ்ப்பாதி, வளைந்த இடம்). இதைவிட மெலிந்த சான்றுகளைக் கொண்டு சுமேரியாவரை சென்று திரும்பியவர்கள் இருக்கிறார்கள். நாம் மாடிவரைதான் செல்கிறோம்.

திருப்புவோர் மூவகையர்: மேலோர், இடையோர், கீழோர். மாடியில் நிற்பவர் மேலோர். பெட்டியின் முன் நிற்பவர் கீழோர். இடையோர் மாடிப்படியிலோ சன்னலிலோ நின்று ஒருவர் சொன்னதை மற்றவருக்குத் திரித்துச் சொல்பவர். உரையாசிரியர் மரபு இவர்களிடமிருந்தே தொடங்குகிறது. இவர்களுக்குள் நிகழும் பனுவல் வருமாறு. “ஏல, தெரியுதா?” “இல்லண்ணே.” “இப்ப?” “வந்துச்சு, வந்துச்சு… போச்சு.” “இப்ப?” “முன்னாடி இருந்ததே தேவல.” “எந்த முன்னாடி?” இக்கடைசி வினாவுக்கு விடை எந்தப் பிரதியிலும் கிடைக்கவில்லை (பார்க்க: குறுக்குக் கம்பி 3, வடபுறம், காக்கை எச்சத்துக்குச் சற்று மேலே). ‘தெரியுதா’ என்பதற்கு எழுவாய் இல்லை. எது தெரிகிறதா என்று மேலோர் கேட்பதில்லை, கீழோரும் சொல்வதில்லை. செய்தியா, படமா, கிரிக்கெட்டா என்பது இருவர்க்கும் பொருட்டன்று. தெரிதல் என்னும் வினையே போதும். நிகழ்ச்சிதான் நோக்கம் என்பாரை இந்த ஒரு சொல்லின் இலக்கணமே வாயடைக்கும். பனுவலில் இடைச்செருகல் உண்டா என்பார்க்கு ஒரு சொல்: குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கம்பனுடையது அல்ல என்று தமக்குத் தோன்றிய பாடல்களையெல்லாம் ஒதுக்கி இராமாயணம் பதிப்பித்தவர். அவர் 1954-இல் மறைந்துவிட்டார். இருந்திருந்தால் மேற்கண்ட பனுவலில் ‘வந்துச்சு’ என்பதை மட்டும் அசல் என்று வைத்துக்கொண்டு, ‘போச்சு’ என்பதைப் பிற்காலத்தார் கைவேலை என்று தள்ளியிருப்பார். அது தவறான பதிப்பு. ஆனால் வாசிக்க இனியது.

திரையில் தோன்றிய குறைகளையும் வகுத்தல் முறை. உருவம் இரண்டாகத் தெரிந்தால் பேய். படம் மேலிருந்து கீழாக உருண்டால் ஓட்டம். புள்ளி புள்ளியாகக் கொட்டினால் பிற ஊர்களில் ஈ என்றும் கொசு என்றும் சொல்வர். குற்றாலத்துக்கு அருகிருப்போர் அதைச் சாரல் என்றே கொள்ளல் தகும். ஆனி, ஆடியில் வெளியேயும் சாரல், உள்ளேயும் சாரல். வெளிச்சாரலுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் வருகிறார்கள், உட்சாரலை மட்டும் குறை என்றார்கள். இதன் பெருமையை உணர நியூஜெர்சிக்குப் போக வேண்டும். அங்கே 1964-இல் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தம் பெரிய ஆன்டெனாவில் எந்தத் திசையில் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டித் துடைத்தும் அது போகவில்லை. அண்டம் தோன்றியபோது எழுந்த வெப்பத்தின் மிச்சமே அந்த இரைச்சல் என்று பின்னர் தெளிந்தது. 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில், நிலையம் எதுவும் கிடைக்காதபோது கொட்டும் புள்ளிகளில் ஒரு சிறு பங்கு அதே மிச்சந்தான். ஆகத் தென்காசிப் பிள்ளை 1,380 கோடி ஆண்டுக்கு முந்தைய நிகழ்ச்சியை மறு ஒளிபரப்பாகப் பார்த்தது, அதுவும் காக்கை எச்சத்தைத் துடைக்காமலேயே (பார்க்க: மேற்படி கம்பி 3, கம்பி 4 துணிக்கொடியாகப் பயன்படுவதால் தற்போது பின்கட்டில், ஈரத்துண்டுக்கு அடியில் உள்ளது, துண்டு உலர்ந்த பின்னரே ஆய்வாளர் பார்வையிடலாம், கம்பி 5-ஐப் பற்றிய குறிப்பு கம்பி 6-இல் இருந்ததாகக் கம்பி 4 கூறும்). நூற்றாண்டின் நடுப்பகுதியைப் பற்றிய கட்டுரையில் முப்பது ஆண்டு பிழை என்றவர்கள் இப்போது கணக்குப் பார்க்கட்டும்.

மறுப்போர் ‘இராமாயணம்’ தொலைக்காட்சித் தொடரைக் காட்டுவர். 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலைகளில் தெருக்கள் வெறிச்சோடின. கொடைக்கானல் கோபுரம் வந்தபின் படம் தெளிந்தது. மாடிக்கு யாரும் ஏறவில்லை. ஆயினும் மக்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்களே என்பர். வைத்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் நாடெங்கும் ஒரேபோல வைத்திருக்கிறார்கள். தென்காசிக்காரர் நினைவையும் போபால்காரர் நினைவையும் இடம் மாற்றி வைத்தாலும் வேறுபாடு தெரியாது. வட்டாரத்துக்கென்று ஒரு நினைவு வேண்டுமெனில் அது வட்டாரத்துக் காற்றில் ஆடியதாக இருக்க வேண்டும். தென்காசிக் கோயில் வாசலில் காற்று முதலில் ஒருபுறம் தள்ளி, உள்ளே போனபின் மறுபுறம் தள்ளும் என்பதை அங்கே போனவர் அறிவர். அந்தக் காற்றைத்தான் ஒரு குழாயும் நாலு இழுகம்பியும் எதிர்த்து நின்றன. வேறோர் மறுப்பும் உண்டு: இதெல்லாம் குறை, குறையை நினைந்து ஏங்குவது மூடம் என்பது. நன்று. பத்து வயதில் பார்த்த எதுவும் பொற்காலம் என்பதே இத்துறையின் முதல் விதி. சங்க காலத்தைப் பொற்காலம் என்பவர்களுக்கும் இவ்விதி பொருந்துமா என்பது அவர்கள் வயதைப் பொறுத்தது.

சான்றுகள் ஏன் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட நாடு இது. ஆன்டெனாக்கள் அவ்வாறு கண்ணியமாக அழியவில்லை. தள்ளுவண்டியில் வந்தவரிடம் பேரீச்சம்பழத்துக்குப் போயின. எஞ்சியவற்றைத் தொகுக்க ஒரு கருத்தரங்கம் கூட்டலாம். பங்கேற்புக் கட்டணம், மதிய உணவு, சான்றிதழ், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கனத்த தொகுப்பு எல்லாம் கைவசம் உண்டு; கட்டுரைகள்தாம் பிறகு வர வேண்டும். அது வழக்கந்தான்.

‘பொதிகை’ என்ற பெயரும் 2024 ஜனவரி 19-இல் ‘டிடி தமிழ்’ என மாறிவிட்டது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இனி வேண்டுகோள் ஒன்றே. தென்காசியிலோ இலஞ்சியிலோ மேலகரத்திலோ உங்கள் மொட்டை மாடியில் அந்தக் குழாய் இன்னும் நின்றால், கொடி கட்டுமுன் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதிவையுங்கள். தென்கிழக்கானால் இலங்கை, வடக்கானால் கொடைக்கானல், மேற்கே மலையைப் பார்த்து நின்றால் யாரோ விடாமுயற்சிக்காரர். கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். தெரிந்துகொண்டிருக்கலாம், அப்படியே விட்டுருங்க.