கேஜ் கத்தினால் டர்போவைக் கழற்று

டீசல் பிக்கப்பில், டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டப் புதிதாகப் போட்ட பூஸ்ட் கேஜ் 'கிர்ர்' என்கிறது, என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அமெரிக்காவில் டீசல் டிரக் வைத்திருக்கும் அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். டர்போ பேரிங் போயிருக்கும் என்பார் ஒருவர். வேஸ்ட்கேட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பார் அடுத்தவர். மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்டர்கூலர் ஹோஸ், கிளாம்ப், இன்ஜெக்டர் என்று சந்தேகம் ஊர் சுற்றி, எதற்கும் எஞ்சினை ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிடலாமே என்ற இடத்தில் வந்து நிற்கும். இந்த வாரமும் அதே கேள்வி, அதே பதில்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வீட்டில் ஒரு சாமான் காணோம் என்றால் நேற்று வந்த மருமகளை முதலில் முறைக்கிற உலகம் இது. டிரக் விஷயத்தில் மட்டும் பத்து வருஷம் உழைத்த டர்போதான் குற்றவாளி. நேற்று வந்த கேஜ் யார் கண்ணிலும் படுவதில்லை. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒன்றிரண்டு விஷயங்களைப் பேசித் தீர்த்துவிடலாம்.

முதல் விஷயம், கேஜ் சத்தம் போடுவதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. மெக்கானிக்கல் பூஸ்ட் கேஜ் என்பது என்ன? இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு துளை, அதிலிருந்து அரைக்கால் இஞ்ச் நைலான் டியூப், அது ஃபயர்வாலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, விண்ட்ஷீல்டு ஓரத் தூணில் ஒட்டவைத்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் போய் முடிகிறது. கேஜுக்குள் இருப்பது வளைந்த ஒரு மெல்லிய உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரப் பார்க்கும், அந்த அசைவில் முள் திரும்பும். 1849-இல் பிரான்சின் யூஜீன் பூர்தோன் நீராவிக் கொதிகலன் காலத்தில் காப்புரிமை வாங்கிய அதே ஏற்பாடுதான், இன்று நீல விளக்கு போட்டு விற்கப்படுகிறது. கொதிகலனில் அழுத்தம் நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். எஞ்சின் அப்படியா? ஆறு சிலிண்டர் எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் ஓடினால் விநாடிக்கு 100 முறை ஏதோ ஒரு இன்டேக் வால்வ் திறந்து மூடுகிறது. அந்த நூறு துடிப்பும் டியூப் வழியாக நேரே அந்த மெல்லிய குழாய்க்குள் போகிறது. முள் நடுங்குகிறது, முள்ளைத் திருப்பும் குட்டிப் பல்சக்கரம் அதிர்கிறது, கூடு கூடவே பாடுகிறது. எஞ்சின் மூச்சுவிடுவதைக் காதுக்கு ஒரு முழ தூரத்தில் குழாய் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூச்சுவிடும் சத்தம் கேட்கிறதே என்று புகார் சொல்கிறோம். கேஜ் வேலை செய்யாவிட்டால் இந்தச் சத்தமே வந்திருக்காது.

இதை ஏற்றுக்கொள்ள மனசு வராததற்குக் காரணம், மீதி நேரமெல்லாம் அந்த முள் செய்கிற வேலை. அது பூஜ்யத்தில் நிற்கிறது. பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் காற்று குறையும். அங்கே போட்ட கேஜ் ஐடிலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி ஏதாவது காட்டிக்கொண்டிருக்கும். பழைய டீசலில் த்ராட்டில் தட்டே கிடையாது. காற்று அதன் இஷ்டத்துக்கு வரும், எவ்வளவு டீசல் தருகிறோம் என்பதில்தான் பவர். ஆகவே ஐடிலில் பூஜ்யம். சிக்னலில் பூஜ்யம். சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்கில் நிழல் தேடிச் சுற்றும்போது பூஜ்யம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிடும் வரிசையில், முன்னால் நிற்கும் மினிவேன் கதவைத் திறந்து மூடித் திறக்கும் அத்தனை நேரமும் பூஜ்யம். மலையிலிருந்து இறங்கினால் பூஜ்யம். பர்கர் கடையின் டிரைவ்-த்ரூவில், ஆர்டர் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் கேட்க, எஞ்சின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்காமல் எஞ்சினை அணைத்துவிட்டுச் சொல்கிறோமே, அணைப்பதற்கு முன்னும் பூஜ்யம், பின்னும் பூஜ்யம். டீசல் அளவைக் காட்டும் முள்ளாவது குறைந்துகொண்டே வந்து ஒரு பயத்தைத் தரும். இது நேர்மையாகச் சும்மா இருக்கிறது. காலி வண்டியை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டும்போது லேசாக எழுந்து உட்காரும். அதற்கே நாம் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கிறோம். பக்கத்து சீட்டில் இருப்பவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த லட்சணத்தில் கேஜில் எத்தனை வரை எண் இருக்க வேண்டும் என்பது வேறு ஒரு பெரிய விவாதம். பழைய 5.9 லிட்டர் கம்மின்ஸ், கம்பெனி விட்டபடியே இருந்தால், 20 பிஎஸ்ஐ பக்கம் போகும். அதற்கு 30 வரை எண் போட்ட கேஜ் தாராளம். நாம் வாங்குவது 60. முள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் நிற்பது பார்க்கச் சகிக்காது, உடனே பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ, எஞ்சினை முறுக்கிவிடும் சிப் என்று வாங்க ஆரம்பிக்கிறோம். கேஜின் காலியிடத்தை நிரப்ப எஞ்சினை மாற்றுகிற ஒரே இனம் நாம்தான். நானும் அந்த இனம்தான், மறுக்கவில்லை.

இந்தப் பூஜ்யத்தை மறந்துவிடுவதால்தான் சத்தத்தைத் தேடும் வேலையும் கெடுகிறது. எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் சோப்புத் தண்ணீர். ஃபிட்டிங்கில் பூசு, குமிழி வந்தால் லீக். சரிதான், ஆனால் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பிரஷால் சோப்பு தடவிக் குனிந்து பார்த்தால் குமிழி எப்படி வரும்? டியூபுக்குள்தான் அழுத்தமே இல்லையே. கியர் போடாமல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிப் பார்ப்பதும் வீண். சுமை இல்லாத டீசல் பெரிதாக பூஸ்ட் தராது. லீக் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டு டர்போவுக்கு ஆர்டர் போடுகிறார்கள். உண்மையான சத்தம் வருவது சுமையோடு ஏறும்போது. அரிஸோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று ஒன்று உண்டு. டிரெய்லர் இழுக்கும் திறனைப் பார்க்க டிரக் கம்பெனிகள் பயன்படுத்தும் பாதை, 11 மைலுக்கு மேல் தொடர்ந்து ஏறிச் சுமார் 3000 அடி உயரம் கூடும். அந்த மாதிரி இடத்தில்தான் கேஜ் வாயைத் திறக்கும். அங்கே பானட்டுக்குள் தலையை நுழைக்க யாராலும் முடியாது. கம்ப்ரஸரை வைத்து டியூபுக்கு மட்டும் அளவாகக் காற்று கொடுத்தால் ஷெட்டிலேயே குமிழியைப் பார்க்கலாம். பார்த்தால் லீக் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். நைலான் டியூபைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியதில் வாய் முட்டை வடிவமாக நசுங்கியிருக்கும். அதன் மேல் பித்தளை ஃபெருல் என்ற வளையத்தைப் போட்டு, கசிகிறதே என்று இன்னும் முறுக்கி, டியூபையே நெரித்து, அதுவும் போதாமல் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றியிருப்பார்கள். அந்த ஃபிட்டிங்கில் காற்றை அடைப்பது ஃபெருல், மரை இல்லை. டேப் சுற்ற வேண்டிய இடம் மேனிஃபோல்டில் ஏறுகிற பைப் மரை. அங்கே சுற்றியிருக்க மாட்டார்கள்.

கேஜ் வெறும் அலங்காரம் என்கிறாயா, இன்டர்கூலர் ஹோஸ் கழன்றால் அதுதானே முதலில் காட்டிக்கொடுக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வழக்கமாக 20 காட்டும் ஏற்றத்தில் 12 காட்டினால் எங்கோ காற்று போகிறது என்று அர்த்தம், அதைச் சொல்ல இதைவிட மலிவான கருவி இல்லை. ஆனால் அரைக்கால் இஞ்ச் டியூபின் ஃபெருலில் நல்ல கசிவு இருந்தாலும் முள் குறைவாகத்தான் காட்டும். எஞ்சினுக்குப் போகும் காற்றில் அது உறைக்கவே உறைக்காது. முள்ளில் மட்டும் உறைக்கும். நோயைக் கண்டுபிடிக்க வாங்கிய கருவி தானே அந்த நோயின் அறிகுறியைத் தயாரித்துக் காட்டுகிறது, நாமும் டர்போவை முறைக்கிறோம். 1998 வரை வந்த 12-வால்வ் கம்மின்ஸில் கூத்து இன்னும் ஒரு படி மேலே. அதில் டீசலை அளந்து தரக் கம்ப்யூட்டர் கிடையாது. பூஸ்ட் ஏறியிருக்கிறது, இனி டீசலைக் கூட்டலாம் என்று டீசல் பம்புக்குச் சொல்வதே மேனிஃபோல்டிலிருந்து போகும் ஒரு சின்னக் காற்றுக் குழாய்தான். புதுத் துளை போடச் சோம்பல்பட்டு, அந்தக் குழாயிலேயே ஒரு 'T' இணைப்பு போட்டு கேஜுக்கு எடுக்கிறோம். அங்கே நன்றாகக் கசிந்தால் வண்டியின் இழுவையும் சேர்ந்து குறையும். அப்போது கேஜ் சொல்வது பொய் என்றும் சொல்ல முடியாது.

சொல்வதாகச் சொன்ன வழிக்கு வருகிறேன். டியூபை மேனிஃபோல்டில் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு பித்தளைப் பிளக்கைப் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நல்ல ஏற்றமாகப் பார்த்து ஏறுங்கள். சத்தம் போய்விட்டால் கேஜ்தான். போகவில்லை என்றால் டர்போவைத் திட்டலாம். அவ்வளவுதான். இதை ஏன் யாரும் செய்வதில்லை என்பதைத்தான் யோசிக்க வேண்டும். செலவில்லை, அறிவும் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு பயணம் முழுவதும் முள் அசையாது. ஏற்றத்தில் டர்போ விசிலடிக்கும்போது முள் பூஜ்யத்திலேயே கிடப்பதைத் தாங்கும் தெம்பு நமக்குக் கிடையாது. டர்போவுக்கே செலவு செய்கிறோம், அதற்குத் தயார். கேஜ்தான் என்று தெரிந்துவிட்ட பிறகோ வேலை இன்னும் சுலபம். ஆர்பிஎம் ஏறும்போது கூடவே சுருதி ஏறினால் துடிப்பு. டியூபின் வழியில் ஊசித் துளை உள்ள ஒரு பித்தளை ரெஸ்ட்ரிக்டரைப் போட்டால் துடிப்பு அடங்கும், முள் ஒரு கணம் தாமதமாக எழும். அந்தத் தாமதத்தைச் சகிக்க முடியாமல் அதைத் திரும்பக் கழற்றுகிறவர்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

இந்த டியூப் வம்பே வேண்டாம், எலெக்ட்ரானிக் கேஜ் போட்டுவிடுங்கள் என்பார்கள். சென்சார் பானட்டுக்குள் இருக்கும், உள்ளே வருவது ஒயர் மட்டும், மூச்சுச் சத்தம் வர வழியில்லை. உண்மை. ஆனால் அதன் முள்ளைத் திருப்புவது பெரும்பாலும் ஒரு குட்டி ஸ்டெப்பர் மோட்டார். விளக்குக்கு ஒயரை டாஷ்போர்டு டிம்மரில் கொடுத்தோமானால், இப்போதைய டிம்மர்கள் மின்சாரத்தைக் குறைப்பதில்லை, வேகமாக வெட்டி வெட்டித் தருகின்றன. ஹெட்லைட் போட்டதும் அந்த வெட்டில் கேஜ் ரீங்காரமிட ஆரம்பிக்கும். பகலில் நல்ல பிள்ளை, ராத்திரியில் வண்டு. இதற்கும் டர்போவைச் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், சத்தியமாக. ராத்திரியில் மட்டும் கெடுகிற டர்போ உலகத்தில் எங்கே இருக்கிறது? இத்தனைக்கும் புதிய டிரக்குகள் பலவற்றில் பூஸ்ட் எவ்வளவு என்பது டாஷ்போர்டுத் திரையிலேயே வருகிறது. இரண்டு பட்டனை அழுத்தினால் தெரியும். அதில் முள் இல்லை என்பதுதான் குறை. எலெக்ட்ரானிக் கேஜ் பலவற்றிலோ சாவியைத் திருப்பியதும் முள் ஒரே வீச்சில் கடைசி வரை ஓடித் தொட்டுவிட்டு இறங்கும். காசு கொடுத்து வாங்கிய 60 பிஎஸ்ஐயை அது தொடுவது அந்த ஒரு தடவைதான். அதுவும் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால்.