தண்ணீர் படாத வண்டி

புரோக்கர் அண்ணே, உங்கள் கைவரிசைக்கு முதல் வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையே மிதந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் கழிமுகமெங்கும் பரவியது. முகத்துவாரக்குப்பத்தில் படகிலும் வலையிலும் கறுப்பு அப்பிக்கொண்டது. மீனவர்கள் அதை வாளியில் அள்ளினார்கள், கறை போகவில்லை. மறைக்கத் தெரியாத சனம். உங்களைக் கேட்டிருந்தால் ஒரே வாரத்தில் பாலிஷ் போட்டு, "சிங்கிள் ஓனர் படகு" என்று விற்றுக் கொடுத்திருப்பீர்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையோரம் நீங்கள் காட்டிய சொகுசு எஸ்.யூ.வி.யைச் சொல்கிறேன். "தண்ணியே பட்டதில்ல சார், டாக்டர் வண்டி" என்றீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். தினமும் வெளியே வரும் பகுதி புதுத்துணி மாதிரி இருந்தது. சுருளுக்குள் கிடந்த கடைசி முழத்தில் சேறு காய்ந்து கோடாக நின்றது. எனக்கென்று அந்த ஒரு முழத்தை விட்டுவைத்த பெருந்தன்மை யாருக்கு வரும்!

சீட்டுக்கு அடியில் போல்ட்டெல்லாம் துரு. "கடல் காத்து சார்." உண்மைதான், இந்தக் கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஆனால் தரைவிரிப்புக்கு அடியில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் வேலையையும் அதற்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான்.

காலத்தையே பின்னால் ஓட்டத் தெரிந்தவர். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, மீட்டரோ 40,000 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. சர்வீஸ் ரசீதுகள் மட்டும் தொலைந்துபோயின. இன்சூரன்ஸில் இதை 'டோட்டல் லாஸ்' என்று எழுதினார்களா என்று கேட்டதும் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். உபசாரத்தில் குறையே இல்லை.

ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோளாறும் காட்டவில்லை. வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று மட்டும் காட்டியது. எச்சரிக்கைகளைச் சற்றுமுன் அழித்தவரின் சுத்தம் அது. இந்த மாதிரி வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிகள் பலவும் சீட்டுக்கும் தரைவிரிப்புக்கும் அடியில்தான் இருக்கின்றன. தண்ணீர் காய்ந்துவிடும், கனெக்டர் முனையில் பச்சையாகப் பூக்கும் களிம்பு காயாது. மாதங்கள் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும். பின்சீட்டில் யாருடைய பிள்ளையோ உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டு உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாத மன உறுதி உங்களுடையது.

மெக்கானிக்கைக் கூட்டிவந்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கிறேன் என்றேன். இன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் 2 லட்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னீர்கள். நாளை வரைகூடப் பொறுக்காத அன்பு, அண்ணே.