கூரை மாற்றும் செலவு: மூலமும் உரையும் இடைச்செருகலும்

அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கூரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் விடைகள் இரண்டு வகைப்படும். கையெழுத்துப் போடுவதற்கு முன் சொல்லப்படுவது ஒன்று. பழைய கூரையைப் பிரித்துக் கீழே தள்ளிய பின் சொல்லப்படுவது மற்றொன்று. முன்னதை மூலம் என்றும் பின்னதை உரை என்றும் இக்கட்டுரை குறிக்கும். மூலம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. உரையோ, எல்லா உரைகளையும் போல, மூலத்தில் இல்லாததையெல்லாம் மூலமே சொன்னதாகச் சாதிக்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் டெக்சாஸ் மாநிலம், டாலஸைச் சுற்றியுள்ள ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் வட்டாரம். காரணங்கள் இரண்டு. வசந்த காலத்தில் அங்கே ஆலங்கட்டி மழைக்குப் பஞ்சமில்லை. தமிழ்க் குடும்பங்களுக்கும் பஞ்சமில்லை. மழை ஓய்ந்த மறுநாளே வாசலில் அழைப்பு மணி அடிக்கும். டி-ஷர்ட்டில் கம்பெனிப் பெயர் போட்ட ஓர் இளைஞர், கூரையை இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொல்வார். அவருக்குப் பின் இன்னொருவர், பிறகு மூன்றாமவர். மூவரும் பார்ப்பது ஒரே கூரை. மூவர் தரும் தொகையும் வேறு வேறு. ஒன்றுக்கு மற்றொன்று இரு மடங்காக இருப்பதும் உண்டு. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் இருக்கலாம் என்பது பதிப்பாசிரியர்கள் அறிந்ததுதான். ஒரே ஏட்டிலேயே இத்தனை பாடபேதம் ஏன் என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

வாய்மொழிச் சான்றுகளையும் ஒதுக்கிவிடுவதற்கில்லை. இத்துறையின் முதன்மை ஆவணக் காப்பகம் வாட்ஸ்அப் குழு. "கூரை மாத்தினவங்க யாராவது இருக்கீங்களா? எவ்வளவு ஆச்சு?" என்று ஒருவர் கேட்பார். "எங்களுக்குப் பதினெட்டு. நல்ல ஆளு, நம்பர் தரவா?" என்று பதில் வரும். பதினெட்டாயிரம் டாலர், சரி. எத்தனை ஸ்கொயருக்கு, எந்தச் சரிவுக்கு, பழையதைப் பிரித்தா, பிரிக்காமலா, காப்பீட்டுக்காரர் கொடுத்ததையும் சேர்த்தா? இவை எதுவும் காப்பகத்தில் பதிவாவதில்லை. நல்ல ஆளு என்பது மட்டும் பதிவாகும்.

முதலில் பொருளின் இலக்கணம். அஸ்பால்ட் ஷிங்கிள் என்பது கண்ணாடியிழைப் பாய் ஒன்றின்மீது அஸ்பால்ட்டைப் பூசி, அதன் தலையில் நிறமேற்றிய கல்துகள்களைப் பதித்த ஒரு துண்டு. 1903ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸ் ஊரில், ஹென்றி ரெய்னால்ட்ஸ் என்ற கூரை ஒப்பந்தக்காரர் அதுவரை சுருளாக விரிக்கப்பட்டுவந்த கூரைப் பாயைத் துண்டு துண்டாக வெட்டியதுதான் இதன் தோற்றம் என்பர். அன்று பாய், பருத்திக் கந்தலை அடிப்படையாகக் கொண்டிருந்தது. கண்ணாடியிழை பின்னால் வந்து அதைத் தள்ளிவிட்டது. அஸ்பால்ட் மட்டும் மாறவில்லை. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பின் அடியில் மிஞ்சும் கசடு அது. எண்ணெய் விலை ஏறும்போது காருக்கு மட்டும் வலிக்கிறது என்று நினைப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை.

மேலே உள்ள கல்துகள்தான் வெயிலிலிருந்து அஸ்பால்ட்டைக் காப்பது. வயதான கூரையில் அவை உதிர்ந்து, கூரையோர மழைநீர் வாய்க்காலில் கரு மணல்போலச் சேரும். மாற்றும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நம்பகமான அறிகுறி வேறில்லை. ஒப்பந்தக்காரர் காட்டும் புகைப்படத்தை இதற்கு அடுத்த இடத்தில்தான் வைக்க வேண்டும். அதில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டிருப்பது ஆலங்கட்டி விழுந்த தடமா, வெயிலில் எழுந்த கொப்புளமா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி அளவை. கூரைக்காரர்கள் சதுர அடியில் பேசுவதில்லை. நூறு சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்பார்கள். ஒரு ஸ்கொயருக்குப் பொதுவாக மூன்று கட்டு ஷிங்கிள். ஒரு கட்டு முப்பது கிலோவை ஒட்டி வரும். கூலி, பொருள், பிரிப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் சேர்த்து, வட்டாரத்தையும் வேலையையும் பொறுத்து, ஸ்கொயருக்கு 400, 500 டாலரில் தொடங்கி ஆயிரம் டாலர் வரை போகும். ஆகவே மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: எத்தனை ஸ்கொயர்?

இங்கேதான் வீட்டுக்காரர் வழுக்குகிறார். "எங்க வீடு 2,500 சதுர அடி, அப்போ 25 ஸ்கொயர்தானே?" என்பது வழக்கமான கூற்று. வீட்டின் பரப்பு என்பது ஆட்கள் நடமாடும் தரையின் பரப்பு. மாடி வீடானால் ஒரு கூரைக்குக் கீழே இரண்டு தரை. கணக்கு ஏறத்தாழப் பாதியாகிவிடும். கார் நிறுத்துமிடம், திண்ணை, சுவரைத் தாண்டி நீளும் இறவாரம் இவை எல்லாம் வீட்டுப் பரப்பில் சேராது, கூரையில் சேரும். போதாததற்கு, கூரை படுத்திருப்பதில்லை, சரிந்திருக்கிறது.

சரிவைக் குறிக்க, கிடையாக 12 அங்குலம் போனால் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் இறவாரத்தையும் சேர்த்து 50 அடிக்கு 40 அடி இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தட்டையாக இருந்தால் 2,000 சதுர அடி. பன்னிரண்டுக்கு நான்கு சரிவில் அது 2,108 ஆகும். பன்னிரண்டுக்கு எட்டில் 2,404. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் 2,828. பிதாகரஸ் ஒரு காசும் வாங்காமல் 800 சதுர அடியை ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார். டாலஸ் புறநகர்களில் செங்குத்தான கூரைகளும், நான்கு பக்கமும் சரிந்து ஒன்றோடொன்று மோதும் முகடுகளும் சாதாரணம். இரு சரிவுகள் கூடும் ஒவ்வொரு கூடல்வாயிலும் ஷிங்கிளைக் கோணலாக வெட்ட வேண்டும். வெட்டியதில் மிஞ்சியது வீண். அதற்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூட்டுவார்கள். எட்டுச் சரிவு வீட்டுக்குப் பதினைந்து சதவீதம் கூட்டினால் 28 ஸ்கொயர், 84 கட்டு. ஸ்கொயருக்கு 500 என்ற மலிவான கணக்கில் 14,000 டாலர், உயர்ந்த கணக்கில் 28,000. பாடபேதத்தின் முதல் காரணம் இதோ கண்டறியப்பட்டது. அது போக, சரிவு ஏறினால் காலூன்றி நிற்க முடியாதென்று கூலியும் ஏறும்.

இப்போதெல்லாம் அளப்பதற்கு யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுத்த படங்களை வைத்துச் சரிவு, முகடு, கூடல்வாய் எல்லாவற்றையும் அடி அங்குலத்தோடு அறிக்கையாகத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போவானா என்று முன்னோர் கேட்டதற்கு, போவான், போய் அளந்தும் வருவான் என்று விடை கிடைத்திருக்கிறது.

ஆனால் வானத்திலிருந்து தெரியாத ஒன்று உண்டு. ஷிங்கிளுக்கு அடியில் இருக்கும் பலகை. பெரும்பாலும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தடிமனில், மரச்சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்தது. புகைபோக்கி ஓரத்தில் பத்து வருடம் நீர் கசிந்திருந்தால் அந்த இடம் மிதித்தால் அமுங்கும் அளவுக்குச் சொதசொதத்திருக்கும். அது பிரித்தால்தான் தெரியும். ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: பலகை மாற்ற வேண்டியிருந்தால் நாலுக்கு எட்டடித் தகடு ஒன்றுக்கு இவ்வளவு. இதுவே இடைச்செருகல்களின் நுழைவாயில். எத்தனை தகடு என்பது அந்த வரியில் இருக்காது. கூரை திறந்து கிடக்கிறது, மாலையில் மழை வரும்போல இருக்கிறது, போனில் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்காரர் யாரும் வரலாற்றில் இல்லை. இந்த வரியை முன்னாலேயே படித்து, தகட்டின் விலையைப் பேசிவைத்து, அழுகின பலகைக்குப் படம் கேட்பவர் மட்டுமே தப்பிக்கிறார்.

பிரிக்காமலே பழையதன்மேல் புதிதைப் பரப்பும் ஒரு மரபும் உண்டு. மலிவான மதிப்பீடுகள் சில அதைத்தான் சொல்லாமல் சொல்கின்றன. அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டுமான விதிகள் இரண்டு அடுக்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே இரண்டு இருந்தால் எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும். முதல் தடவை மிச்சம் பிடித்தவர், அல்லது அவரிடமிருந்து வீட்டை வாங்கியவர், அடுத்த தடவை இரண்டு அடுக்கைப் பிரிக்கும் கூலியைக் கொடுப்பார்.

மதிப்பீடுகளை ஒப்புநோக்க விரும்புவோர் தொகையை விட்டுவிட்டு, எது எழுதப்படவில்லை என்று பார்க்க வேண்டும். புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகரம் புதிதா, பழையதையே மறுபடி அடிக்கிறார்களா? குழாய்களின் ரப்பர்க் கழுத்துகள் மாறுகின்றனவா? ஓரத் தகரம் உண்டா? ஷிங்கிள் ஒன்றுக்கு நாலு ஆணியா, ஆறா? நமது 28 ஸ்கொயர் கூரையில் ஸ்கொயருக்கு 65 ஷிங்கிள் என்று வைத்தால், நாலு ஆணிக் கணக்கில் 7,280; ஆறு ஆணிக் கணக்கில் 10,920. புயற்காற்று அடிக்கும் இடங்களில் ஆறுதான் முறை. வேலை முடிந்ததும் சக்கரம் வைத்த காந்தத்தைப் புல்தரையில் உருட்டி ஆணி பொறுக்குவார்கள். அப்படியும் ஒன்றிரண்டு தப்பும். மறுநாள் காலை கார் டயர் அதைக் கண்டுபிடிக்கும்.

கூலிக்கு வருவோம். காலை ஏழு மணிக்கு ஒரு குழு வரும். பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசும் தொழிலாளிகள். பல் வைத்த மண்வெட்டியால் பழையதைச் சுரண்டித் தள்ளுவார்கள். நமது வீட்டில் அது மூன்று டன்னை ஒட்டி வரும். இருட்டுவதற்குள் புதியது ஏறிவிடும். ஒரே நாள் வேலைக்கா இவ்வளவு என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பவர் கேட்கலாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், முழுநேரத் தொழிலாளர் ஒரு லட்சம் பேருக்கு 3.7 பேர் வேலையில் இறந்தார்கள். கூரைத் தொழிலாளர்களில் அது 57.5. அதைவிட மோசமான தொழில் மரம் வெட்டுவது மட்டுமே. ஆறடிக்கு மேல் வேலை செய்தால் விழாமல் காக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது சட்டம். தொழிலாளர் காப்பீடும் சேர்ந்தால் செலவு கூடும். மிகக் குறைந்த மதிப்பீட்டில் காணாமல் போயிருப்பது பல நேரம் இதுதான். இந்த ஒரு வரியில் மட்டும் மிச்சம் பிடித்ததற்காக யாரையும் இக்கட்டுரை மெச்சாது.

அடுத்தது காப்பீடு. கூரைச் செலவுக்கும் வீட்டுக்காரர் செலவுக்கும் உள்ள உறவை இது முற்றிலும் குழப்பிவிடுகிறது. டெக்சாஸில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு வீட்டுக்காரர் முதலில் தாங்க வேண்டிய தொகையை வீட்டின் காப்பீட்டு மதிப்பில் ஒன்று, இரண்டு சதவீதம் என்றே வைப்பது வழக்கம். இரண்டு சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும். 4,00,000 டாலர் வீட்டுக்கு அது 8,000. கூரை வேலை 18,000 என்று வைப்போம். கூரையின் பாதி ஆயுள் கழிந்துவிட்டதென்று 9,000 தேய்மானம் கழித்து, மிச்சத்தில் 8,000த்தையும் கழித்தால், வருகிற முதல் காசோலை ஆயிரம் டாலர். புதிதாக மாற்றும் முழுச் செலவையும் தரும் பாலிசியானால், வேலை முடிந்து ரசீது காட்டிய பின் அந்த 9,000 வரும். நடப்பு மதிப்பை மட்டும் தரும் பாலிசியானால் கதை ஆயிரத்தோடு முடிந்தது. பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று ஐந்தாறு வருடம் முன்பு எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று மின்னஞ்சலைத் தோண்டும் வேலை அன்றிரவு நடக்கும்.

"அந்த எட்டாயிரத்தை நாங்க பாத்துக்கறோம் சார்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் ஒரு காலத்தில் ஏராளம். பில்லைக் கூட்டிப் போட்டுக் காப்பீட்டுக்காரர் தலையில் கட்டுவதே அதன் சூட்சுமம். 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் அது சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர் தன் பங்கைக் கட்டியதற்கு ஆதாரம் கேட்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

ஆலங்கட்டியைத் தாங்கும் நான்காம் வகுப்பு ஷிங்கிள் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு அங்குல விட்டமுள்ள எஃகு உருண்டையை இருபதடி உயரத்திலிருந்து அதன்மேல் போட்டுப் பார்த்துத் தேர்ச்சி தருகிறார்கள். விலை கூடுதல்; பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். தள்ளுபடியை வாங்குவதற்கு முன், ஆலங்கட்டியால் விழும் பள்ளங்கள் வெறும் அழகுக் குறை, அதற்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை கூடவே வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

உத்தரவாதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயுட்காலம் என்று கட்டின்மேல் அச்சடித்திருக்கும். அது பொருளில் உள்ள குறைக்குத்தான். புயலுக்கோ, தப்பாக அடித்த ஆணிக்கோ அல்ல. ஆரம்ப ஆண்டுகள் கழிந்ததும் வருடத்துக்கு வருடம் அது தேயும். வேலைக்கான உத்தரவாதத்தை ஒப்பந்தக்காரர் தருகிறார். புயலைத் துரத்திக்கொண்டு வேறு மாநிலத்திலிருந்து வந்தவரானால், அந்த உத்தரவாதமும் அவரோடு அடுத்த புயலுக்குப் போய்விடும்.

ரீமாடலிங் இதழ் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த செலவு-மதிப்பு ஒப்பீட்டில், 2024இல் 30 ஸ்கொயர் அஸ்பால்ட் ஷிங்கிள் கூரையை மாற்றும் தேசிய சராசரிச் செலவு 30,680 டாலர். வீட்டை விற்கும்போது அதில் திரும்பக் கிடைப்பது 17,461. வாட்ஸ்அப் பதினெட்டுக்கும் இந்த முப்பதுக்கும் உள்ள இடைவெளியை வைத்து அந்த நல்ல ஆளை ஏமாற்றுக்காரர் என்றோ இதழைப் பொய்யென்றோ சொல்லிவிட முடியாது. சராசரி என்பது கலிபோர்னியாக் கூலியையும் சேர்த்துக் கலக்கியது. ஒழுகும் கூரையோடு வீட்டை விற்க முயன்றால் எவ்வளவு இழப்பு என்பதும் அந்தக் கணக்கில் கிடையாது.

நிறத்தால் விலை பெரிதாக மாறுவதில்லை. ஆனால் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். மாதிரி அட்டையில் உள்ள சாம்பல்களும் பழுப்புகளும் கணவன் மனைவிக்குள்ளேயே இரண்டு வாரம் ஓடும். அதிகம் விற்கும் நிறங்களில் ஒன்று, வெயில் மழையில் கிடந்து வெளுத்த மரத்தின் நிறம்.

மேலாய்வுக்குரியவை: கூரையில் சூரியத் தகடு இருந்தால் அதைக் கழற்றி மறுபடி மாட்டும் செலவு சில ஆயிரம் டாலர், அதைச் செய்ய வேறு ஆள், வேறு தேதி. அடுத்து, முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன டிஷ் ஆன்டெனா. அதில் யாரும் எந்தச் சேனலும் பார்ப்பதில்லை. பிரிக்கும் நாளன்று மேஸ்திரி அதைக் கையில் தூக்கிக்கொண்டு, இதை என்ன செய்ய என்று கேட்பார். "எதுக்கும் இருக்கட்டும், மாட்டிடுங்க" என்று மேலே அனுப்பி, புத்தம்புதுக் கூரையில் ஓட்டை போடவைத்தவர்கள் அந்தத் தெருவிலேயே நாலைந்து பேர் தேறுவார்கள்.