‘இருந்திருந்தால்’ இலக்கணம்: நெப்ராஸ்கா கால்பந்து ரசிகர் பேச்சு பற்றி

நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் ரசிகர் பேசும் மொழியில் நிகழ்காலம் இல்லை. இறந்தகாலம் உண்டு, அது அணி தேசிய சாம்பியன் ஆன 1970, 1971, 1994, 1995, 1997 ஆகிய ஐந்து ஆண்டுகளைக் கொண்டது. எதிர்காலம் உண்டு; அது இன்னும் பள்ளிப்படிப்பை முடிக்காத பதினேழு வயதுப் பையன்களைக் கொண்டது. சனிக்கிழமை மைதானத்தில் நடக்கும் ஆட்டம், முன்னதை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்கும் பின்னதை வைத்துக் கணக்குப் போடுவதற்கும் ஒரு சாக்கு. இம்மொழிக்கு முறையான இலக்கணம் வகுக்கப்படாதது மொழியியலுக்குப் பெருங்குறை. வடவேங்கடத்துக்கும் அப்பால் வெகுதூரம் தள்ளிக் கிடக்கும் நிலம் என்பதால் தொல்காப்பியரைக் குறைசொல்வதற்கில்லை.

முதலில் நிலம். நெப்ராஸ்கா அமெரிக்காவின் நட்டநடுவில், மக்காச்சோளமும் மாடும் மனிதரைவிட அதிகமாக உள்ள மாநிலம். மக்கள்தொகை சுமார் 20 லட்சம். சம்பளத்துக்கு ஆடும் பெரிய லீக் கால்பந்து அணி அங்கே கிடையாது. ஆகவே மாநிலத்தின் ஏக்கம் முழுவதும் லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தின் ‘கார்ன்ஹஸ்கர்ஸ்’ அணிமேல் இறங்குகிறது. பெயரின் பொருள், சோளக்கதிரின் தோகையை உரிப்போர். சுமார் 85,000 பேர் அமரும் மெமோரியல் ஸ்டேடியம் ஆட்ட நாளில் நிரம்பிவிட்டால், ஒமாஹா, லிங்கன் ஆகியவற்றுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அதுதான். அவ்வூர் முழுக்கச் சிவப்புச் சட்டை. ஆடப்படுவது அமெரிக்கக் கால்பந்து. பெயரில் கால் இருந்தாலும் வேலை பெரும்பாலும் கைக்கே. பந்தும் உருண்டை அன்று.

இம்மொழியில் மிகுதியாகப் புழங்கும் உருபு ‘ஆல்’. மூன்றாம் வேற்றுமையின் ஆல் அன்று, நிபந்தனை எச்சத்தின் ஆல்: ‘பிடித்திருந்தால்’, ‘உதைக்காமல் இருந்திருந்தால்’, ‘நடுவருக்குக் கண் இருந்திருந்தால்’. இவ்வுருபின் தலையாய சான்று 1984 ஜனவரி 2 இரவு மயாமியில் நடந்த ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் கிடைக்கிறது. அந்த சீசனில் ஒரு தோல்விகூட இல்லாமல் முதலிடத்தில் வந்த நெப்ராஸ்கா, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் டச்டவுன் அடித்து 31-30 என நெருங்கியது. அதன்பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் டிரா. சாம்பியன் யார் என்பதை வாக்களித்து முடிவுசெய்த காலம் அது. டிராவே பட்டத்துக்குப் போதும் என்பது அன்று பலரது கணிப்பு. கோச் டாம் ஆஸ்போர்ன் டிராவுக்கு ஒப்பாமல் இரண்டு புள்ளிக்குப் போனார். வீசிய பந்தை எதிராளி தட்டிவிட்டார். பட்டம் எதிரணியான மயாமிக்குப் போயிற்று.

இங்கே ஓர் இலக்கணச் சிக்கல் எழுகிறது. ‘உதைத்திருந்தால்’ என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லும் அதே ரசிகர், உதைக்காததற்காகவே ஆஸ்போர்னைக் கும்பிடவும் செய்கிறார். வருத்தமும் பெருமையும் ஒரே வினைச்சொல்லில் அடங்கிய இடம் இது. ஆஸ்போர்ன் 25 ஆண்டுகளில் 255 ஆட்டங்களை வென்று, 49இல் தோற்று, மூன்றை டிரா செய்து ஓய்வுபெற்றார். பின்பு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றார். பக்தி வேறு, வாக்கு வேறு என்று ரசிகருக்குத் தெரியும். பிற நாட்டு ரசிகர்கள் கவனிக்கத்தக்க செய்தி.

இம்மொழியின் இடப்பெயர் தன்மைப் பன்மையில்தான் சுவையானது. வென்றால் ‘நாம்’, தோற்றால் ‘அவர்கள்’ என்பது உலகப் பொது விதி. நெப்ராஸ்காவில் இதற்கு ஒரு புறனடை உண்டு: பெரிய அணியிடம் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் மீண்டும் ‘நாம்’. 2021 சீசன் இப்புறனடைக்கென்றே ஆடப்பட்டதுபோல் அமைந்தது. அணி மூன்று ஆட்டங்களை வென்று ஒன்பதில் தோற்றது. ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். தோல்வி வித்தியாசங்களை எல்லாம் கூட்டினால் 56 புள்ளி. மூன்று வெற்றிகளின் வித்தியாசம் மட்டும் 119. அதாவது, வாங்கியதைவிட 63 புள்ளி அதிகமாகக் கொடுத்த அணி, வென்றதைப்போல் மூன்று மடங்கு தோற்றது. ‘நாட்டிலேயே சிறந்த 3-9 அணி’ என்ற பட்டம் அப்போது எழுந்தது. அதற்குக் கோப்பை எதுவும் செய்யப்படவில்லை.

சீசன் பற்றிய பேச்சு ஆகஸ்டில் தொடங்குகிறது. அட்டவணையில் உள்ள பன்னிரண்டு ஆட்டங்களை ரசிகர் மூன்று கூறாகப் பிரிப்பார்: ‘நிச்சயம்’, ‘வீட்டில் நடக்கிறது, ஆகவே நிச்சயம்’, ‘அன்றைக்கு எப்படியோ’. மூன்றாவது கூற்றில் பாதியையும் சேர்த்துக்கொண்டால் எப்போதும் ஒன்பது வரும். ஒன்பது என்பது நெப்ராஸ்காவில் வெறும் எண்ணன்று. 2003இல் ஒன்பது வென்று மூன்றில் தோற்றிருந்த நிலையில் கோச் ஃபிராங்க் சோலிச் நீக்கப்பட்டார். ஒன்பது போதாது என்பது அன்றைய கொள்கை. பின்பு வந்த போ பெலினி ஏழு சீசனிலும் ஒன்பதுக்குக் குறையவில்லை. முதல் ஆறிலும் தவறாமல் நான்கு நான்காகத் தோற்றார். 2014இல் அவரும் போனார். 2017 முதல் 2024 வரை ஒரு சீசனிலும் அணி ஒன்பதைத் தொடவில்லை. எந்த எண்ணுக்காக இரண்டு கோச்சுகளின் சீட்டைக் கிழித்தார்களோ, அந்த எண் இன்று நேர்த்திக்கடனுக்கு உரியதாகிவிட்டது. எண்ணுப்பெயர் ஒன்று இருபது ஆண்டுக்குள் வசைச்சொல்லிலிருந்து வாழ்த்துச்சொல்லாக மாறியதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேடுவது வீண்.

இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே ஆளிடம் வந்து கூடிய அபூர்வமும் இம்மொழியில் நிகழ்ந்தது. ஸ்காட் ஃபிராஸ்ட் உள்ளூர்ப் பிள்ளை. 1997இல் சாம்பியன் ஆன அணியில் பந்து வீசி ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக். 2017இல் வேறொரு பல்கலைக்கழக அணியை ஒரு தோல்வியும் இல்லாமல் நடத்திக் காட்டியவர். அவர் கோச்சாக வீடு திரும்பியதும் ரசிகர் பேச்சிலிருந்து ‘ஆல்’ உருபே சிறிது காலம் மறைந்தது. 2018 செப்டம்பர் 1, முதல் ஆட்டம். முதல் உதை நடந்தது. மின்னல் வெட்டியது. எல்லாரும் மணிக்கணக்கில் காத்திருந்த பிறகு ஆட்டம் ரத்து. சகுனம் பார்ப்போர் அன்றே வண்டியைத் திருப்பியிருக்கலாம். ரசிகர்கள் சகுனம் பார்ப்பதில்லை, புள்ளிவிவரம் பார்க்கிறார்கள். ஃபிராஸ்ட் 16 வென்று 31 தோற்றார். 2022 ஆகஸ்டில் டப்ளினில் நார்த்வெஸ்டர்ன் அணியுடன் ஆடியபோது 28-17 என முன்னிலையில் இருக்கையிலேயே, பந்தைத் தாமே திரும்பப் பிடித்துவிடலாம் என்று ஒரு துணிச்சல் உதை உதைத்து, அதை வாகான இடத்தில் எதிராளிக்குத் தாரைவார்த்து 31-28 எனத் தோற்றார்கள். அன்று மைதானக் கடைகளில் பணம் வாங்கும் இயந்திரங்கள் வேலைசெய்யாததால் பீர் இலவசமாக ஊற்றப்பட்டது. அந்த ஆட்டத்தைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல ரசிகரிடம் மிஞ்சியது அது ஒன்றே. அடுத்த மாதம் 11ஆம் தேதி ஃபிராஸ்ட் நீக்கப்பட்டார். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தரவேண்டிய தொகை 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். பொறுமையின் சந்தை விலை இவ்வளவு துல்லியமாகத் தெரியவந்தது பொருளியலுக்கு லாபம்.

இனி, ஆள் சேர்ப்பு. சொந்த மண்ணில் விளையும் ஆட்டக்காரர் போதாது. டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா என்று போய்ப் பள்ளிப் பையன்களை அழைத்துவர வேண்டும். அவர்களுக்கு இரண்டு முதல் ஐந்து வரை நட்சத்திரம் உண்டு. இந்த நட்சத்திரம் பிறந்த நேரத்தைப் பொறுத்ததன்று, நாற்பது கஜம் ஓடிய நேரத்தைப் பொறுத்தது. மற்றபடி பொருத்தம் பார்க்கும் முறையில் பெரிய வேறுபாடில்லை. கோச் வீட்டுக்கு வருவார், அம்மாவிடம் தனியாகப் பேசுவார், பாட்டியின் சமையலைப் பாராட்டுவார். ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்குத்தான். தொழில்முறை லீக்கின் முதல் சுற்றில் 32 பேரை எடுக்கிறார்கள் என்பதே அந்தக் கணக்குக்கு அடிப்படை.

நட்சத்திரத்தின் மதிப்பு நிலையானதன்று என்பது இத்துறையின் முதல் விதி. ஐந்து நட்சத்திரப் பையன் நெப்ராஸ்காவுக்கு வருகிறான் என்றால் நட்சத்திரம் அறிவியல். அவனே வேறிடம் போனால் நட்சத்திரம் வியாபாரம். தவிர, ‘அவன் மனசு நம்ம ஊருக்கு ஒத்துவராது’. மூன்று நட்சத்திரக்காரன் வந்தால் அவன் யார் கண்ணிலும் படாத மாணிக்கம். நட்சத்திரமே இல்லாமல், உதவித்தொகையும் இல்லாமல், சின்ன ஊர்ப் பண்ணையிலிருந்து தானாக வந்து சேரும் பையனுக்குத்தான் ரசிகர் இதயத்தில் முதல் இருக்கை. அவன் ஆடுகிறானா என்பது அடுத்த கேள்வி.

பையன் வாயால் ‘வருகிறேன்’ என்று சொல்வது கமிட். இது வினையெச்சம், கையெழுத்து என்னும் முற்று வரும்வரை வாக்கியம் முடியாது. முடிவை அறிவிக்கும் சடங்கில் பள்ளிக்கூட மேசைமேல் நான்கைந்து பல்கலைக்கழகத் தொப்பிகள் வரிசையாக இருக்கும். பையன் கை ஒரு தொப்பிமேல் போகும், நிற்கும், பக்கத்துத் தொப்பிக்கு நகரும். பின்னால் நிற்கும் அத்தை ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பார். இரண்டு மாநிலங்களில் பெரிய மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எச்சம் எத்தனை முறை மாறலாம் என்பதற்கு வரம்பில்லை. ஐந்து நட்சத்திரக் குவார்ட்டர்பேக் டிலன் ரயோலா முதலில் ஓஹையோ ஸ்டேட்டுக்குக் கமிட் ஆனார்; பின்பு ஜார்ஜியாவுக்கு; 2023 டிசம்பரில் நெப்ராஸ்காவுக்குக் கையெழுத்திட்டார். தந்தை அங்கே ஆடியவர், சித்தப்பா அப்போது அங்கே கோச்சுகளில் ஒருவர். ‘ரத்தம் வேறெங்கே போகும்’ என்றார்கள், முந்தைய இரண்டு முறையும் அது வேறெங்கோதான் போனது என்பதை மறந்து.

கையெழுத்திடாத பையனைப் பற்றிக் கோச் வெளியில் பேசக்கூடாது என்பது விதி. தகவல் இல்லாத இடத்தில் ஆராய்ச்சி வளரும். கோச் இரண்டு சொல்லில் எதையாவது எழுதினால் அதற்கு உரை, உரைக்கு மறுப்புரை. பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய தனி விமானம் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று செயலியில் பார்ப்பது தனிப் பாடம். பிப்ரவரி உறைபனியில், சாலையோரப் பெட்ரோல் பங்க்கின் காபி மேசையில், ஓய்வுபெற்ற விவசாயிக்கும் அவருடைய அண்ணன் மகனுக்கும் இடையே இவ்வகைப் பேச்சு நிகழும் விதம் இது:

“அந்த டெக்சாஸ் பையன் என்ன ஆனான்?”

“நம்ம லிஸ்டில இன்னும் இருக்கான், சித்தப்பா.”

“இருக்கானா, வர்றானா?”

“வியாழக்கிழமை விமானம் டல்லஸ் போய்ட்டு வந்திருக்கு.”

“கோச் போனாரா, இல்ல அவர் வீட்டம்மா துணி எடுக்கப் போனாங்களா?”

“அது தெரியல. ஆனா அவன் வந்துட்டா அடுத்த வருஷம் ஒன்பது.”

“வராட்டி?”

“வராட்டி எட்டு.”

அணி முந்தைய சீசனில் வென்றது ஐந்து என்பதை இருவரும் அறிவர். அறிந்ததைச் சொல்லாமை இம்மொழியின் மரியாதை வழக்கு.

2018 அக்டோபரில் வந்த ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ முற்றையும் எச்சமாக்கிவிட்டது. கையெழுத்திட்டவரும் பெயரைப் பதிந்துவிட்டு வேறு பல்கலைக்கழகம் போகலாம். 2021 ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகமே வருமானத்தில் பங்கு கொடுக்கிறது, முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இதனால் ரசிகர் பேச்சில் கணக்குப்பிள்ளைச் சொற்கள் புகுந்துள்ளன. அவை இன்னும் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. பேச்சின் அழகையும் கூட்டவில்லை.

பன்னிரண்டில் ஆறு வென்றால்தான் சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டத்துக்கு வழக்கமாக இடம். 2023இல் எட்டு ஆட்டங்களில் ஐந்து வென்றாயிற்று. மீதி நான்கில் ஒன்று போதும். 3, 3, 7, 3 என்ற புள்ளி வித்தியாசங்களில் நான்கும் போயின. அன்று உருவான ‘இருந்திருந்தால்’களைத் தொகுத்தால் தனி அகராதி வரும். 2024இல், ஃபிராஸ்டுக்குப் பின் வந்த கோச் மேட் ரூலின்கீழ் ஒருவழியாக ஆறு கிடைத்தது. டிசம்பர் 28 அன்று நியூயார்க்கில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 என வென்றார்கள். எட்டு ஆண்டுகளில் முதல் பௌல் ஆட்டம். கணக்கு 7-6. ரசிகர் அதை உடனே எதிர்காலத்துக்கு மாற்றி எழுதினார்: ஏழுடன் இரண்டு சேர்த்தால் ஒன்பது.

இவ்வளவுக்குப் பிறகும் மைதானம் காலியானதில்லை. 1962 நவம்பர் 3 முதல் ரசிகர்களை அனுமதித்த ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்திருக்கிறது. எண்ணிக்கை நானூறைத் தாண்டிவிட்டது. தொற்றுக்காலமான 2020இல் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே அது கணக்கில் இல்லை. 2021இல் மிஞ்சிய டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி வசதியற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ‘விற்றுத் தீர்ந்தது’ என்ற வினையின் எழுவாய் யார் என்று அப்போது சிறு விவாதம் நடந்தது. விற்றுத் தீர்ந்த இந்தத் தொடரின் முதல் ஆட்டம் மிசௌரி அணியுடன். நெப்ராஸ்கா 16-7 எனத் தோற்றது.