வாய்தா இல்லாத வாழ்க்கை

சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் 2005இலேயே வந்துவிட்டது. 2023 மத்தியஸ்தச் சட்டமோ பேசி முடிக்க 120 நாள் கெடு வைக்கிறது. போனால் போகிறதென்று இன்னும் 60 நாள். மூன்று தலைமுறை வரப்பு வழக்கை அதற்குள் முடித்துவிட்டால், வாய்தாவுக்குப் போகும் பஸ்ஸில் பங்காளிகள் யாரை முறைப்பது?

மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லமாட்டார். காதுகொடுத்துக் கேட்பார், தேவைப்பட்டால் தனித்தனியே அழைத்தும் பேசுவார். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது. (ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில் இது நடக்கிற காரியமா?) இத்தனையும் விளக்கியபோது பெரியப்பா கொட்டாவிதான் விட்டார். சமரசமானால் கோர்ட்டில் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிடா, வக்கீலுக்குக் கொடுத்தது?"